குப்புறப் படுத்த காலம்

அரியலூர் மண்ணில் முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்தவர்களுக்குத் தெரியும், அந்த மண் ஆளைச் சும்மா படுக்க விடாது. நின்று பார்த்தால் வெறும் பொட்டல்; வேலிக்கருவை ஓரம் ஆடு மேய்கிற, தூரத்தில் நாலு பனைமரம் நிற்கிற சாதாரணத் தரை. படுத்துச் சற்று நேரம் போனதும் அடியிலிருந்து ஏதோ ஒன்று முழங்கையைக் குத்த ஆரம்பிக்கும். நோண்டி எடுத்தால் ஒரு சிப்பி ஓடு, கல்லாகிப்போன சிப்பி. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் கிடந்தது என்று நிலவியல்காரர்கள் சொல்வதைப் பிற்பாடு படித்தேன். வாரணவாசியில் அதற்கென்று அருங்காட்சியகமே இப்போது இருக்கிறது. ஆனால் என் வயதுக்காரர்களில் காக்கி மாட்டி என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்தக் கடல் முழங்கை வழியாகத்தான் முதலில் அறிமுகமானது. பெரம்பலூர்ப் பக்கம் காரையில், மழை அரித்த களிமண் மேடுகளில், விரல் நீளத்துக்கு, ஒரு பக்கம் கூராக, தோட்டா வடிவிலேயே கற்கள் சிதறிக் கிடக்கும். கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்கிற பிராணியின் உள்ளோடு அது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கேஸ் ஒன்றைக்கூட நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே கடல் பிராணியின் தோட்டாவைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தோம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கல் இன்னும் கிடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமானதும், 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து மறு ஆண்டே திரும்ப ஒட்டிக்கொண்டதும், 2007 நவம்பரில் மறுபடி பிரிந்ததும் பின்னால் நடந்த கதை. எங்களுக்கு எல்லாமே திருச்சி ஜில்லா. கலெக்டர் திருச்சியில் இருந்தார், பெரிய ஆஸ்பத்திரி திருச்சியில் இருந்தது, துப்பாக்கியும் திருச்சியிலிருந்துதான் வந்தது. ஃபயரிங் என்று அறிவித்துவிட்டால் முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விடும். கஞ்சி போட்டு விறைத்த காக்கி, பிராஸோ போட்டுத் தேய்த்த பெல்ட் பக்கிள், முகம் தெரிகிற பூட்ஸ், இத்தனையும் விடிந்ததும் புழுதியில் குப்புறப் படுப்பதற்காக. அம்மாவுக்கு அது கடைசி வரை விளங்கவில்லை. "படுக்கத்தான் போறன்னா எதுக்குடா இத்தன இஸ்திரி?" என்று கேட்டபடியே பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து நிற்பாள்.

மலையடிவாரத்தில் ஒரு மண்மேடு, அதன் உச்சியில் சிவப்புக் கொடி, மேட்டுக்கு முன்னால் மூங்கில் சட்டத்தில் ஒட்டிய காகித டார்கெட்டுகள், இருபத்தைந்து கஜம் தள்ளி வரிசையாக விரித்த ஜமக்காளங்கள். ரேஞ்ச் என்பது அவ்வளவுதான். சுற்று வட்டாரத்து ஆடு மாடுகளை ஓட்டிவிட்டு வர இரண்டு பேரை முன்கூட்டியே அனுப்புவார்கள். அந்த வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனி மிடுக்கு. மரப்பெட்டியைத் திறந்ததும் எழுகிற எண்ணெய் வாசனை, அதற்கு அப்புறம் சுட்ட மருந்து வாசனை, அதற்கும் அப்புறம், வெயில் ஏறியபின், அலுமினிய அண்டாவிலிருந்து வருகிற பூரிக்கிழங்கு வாசனை. ரெஃப்ரெஷ்மெண்ட் என்கிற சொல்லைக் கேட்டாலே இன்றும் எனக்கு வாழை இலைத் துண்டில் வைத்த எண்ணெய் சொட்டும் பூரியும், மஞ்சள் கிழங்கும், கரி பிடித்த கெட்டிலில் வந்த டீயும்தான் கண்ணில் வருகின்றன. அந்தப் பூரிக்காகவே என்.சி.சி.யில் சேர்ந்தவர்கள் எங்கள் செட்டில் உண்டு. அவர்களில் ஒருவன் அருமையாகச் சுடுவான்; வயிறு நிறைகிற நம்பிக்கை இருந்ததால் அவனுக்குக் கை பதறவில்லை என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் கையில் வந்த துப்பாக்கி பாயிண்ட் டூ டூ. பழைய லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் உடம்பு, உள்ளே மெல்லிய குழல். தோட்டா சுண்டு விரல் நுனி அளவு, துப்பாக்கியோ நாலு கிலோ பக்கம். பதினாறு வயதுப் பையன் அதைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தால் முனை வட்டம் போடும். அந்த வட்டத்தை நிறுத்துவது எப்படி என்பதுதான் பாடம் முழுவதும். எங்கள் ஹவில்தார் தர்மபுரிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நம் முழங்கையை இரண்டு விரலால் பிடித்து, துப்பாக்கிக்கு நேர் கீழே நகர்த்தி வைப்பார்.

"தம்பி, துப்பாக்கிய நீ தூக்காத. எலும்பு தூக்கட்டும். சதை தூக்குனா சதை நடுங்கும், எலும்பு நடுங்காது."

இடது முழங்கை துப்பாக்கியின் அடியில் தூணாக நிற்க வேண்டும். வலது முழங்கை சற்று அகன்று, தோளை மட்டத்தில் வைக்க வேண்டும். கட்டை தோள் குழியில் பதிய வேண்டும். கன்னம் ஒவ்வொரு முறையும் மரத்தின் அதே இடத்தில் அமர வேண்டும், ஒரு நெல் அளவு முன்னே பின்னே போனாலும் குண்டு வேறிடம் போகும். உடம்பு துப்பாக்கிக் கோட்டுக்கு இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், கால்கள் அகன்றிருக்கும், குதிகால்கள் தரையோடு ஒட்டியிருக்கும். குதிகால் தூக்கியிருந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், பூட்ஸ் நுனியால் மெதுவாக அமுக்கிவிட்டுப் போவார். எங்கள் வரிசை முழுவதும் இப்படி அமுக்குண்டு கிடந்ததை மேட்டின் மேலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்குமோ.

ஆனால் அவர் கற்றுத் தந்ததில் எனக்கு இன்றைக்கும் வியப்பு தருவது வேறு. எல்லாம் சரியாக அமைந்து, முனை கறுப்பு வட்டத்தின் அடியில் அழகாக நிற்கிறது என்று நாம் பெருமைப்படும் நேரத்தில், "கண்ண மூடு" என்பார். மூட வேண்டும். "மூச்ச ரெண்டு தடவ இழுத்து வுடு. இப்பத் தொற. முனை எங்க நிக்கிது?"

"தள்ளிப் போயிருக்கு ஸ்டாஃப்."

"அப்பத் துப்பாக்கிய இழுக்காத. இழுத்தா சுடறப்போ அது பழைய எடத்துக்கே போவும். ஒடம்ப நகத்து."

இடது முழங்கையை அச்சாக வைத்துக்கொண்டு இடுப்பையும் கால்களையும் இம்மியளவு நகர்த்த வேண்டும். மறுபடி கண்ணை மூட வேண்டும், திறக்க வேண்டும். உடம்பு தன் இஷ்டத்துக்குக் கிடக்கும்போது முனை எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த உடம்பின் உண்மையான குறி. அதுவும் இலக்கும் ஒன்றாகிறவரை விசையில் விரலே படக்கூடாது. எழுதப் படிக்கச் சற்றுத் தடுமாறிய ஒரு மனிதர், ஜமக்காளத்தின் ஓரத்தில் குந்திக்கொண்டு இதைச் சொன்னார். பிற்காலத்தில் உலகப் போட்டிகளுக்குப் போகிறவர்களின் பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டியபோது முதல் அத்தியாயத்திலேயே அதே பாடம் இருந்தது, அதே கண்ணை மூடுகிற வேலையோடு.

மூச்சுக்கும் பாடம் உண்டு. படுத்திருக்கையில் மூச்சை இழுத்தால் நெஞ்சு உயர்ந்து முனை தாழும், விட்டால் முனை ஏறும். இயல்பாக விட்டபின் அடுத்த மூச்சு வருவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி இருக்கிறதே, அங்கே விசையை அழுத்த வேண்டும்; எட்டுப் பத்து விநாடிக்குமேல் பிடித்திருந்தால் கண் மங்கும், விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். விசையைப் பழக்க, தோட்டா இல்லாத நாட்களில், குழல் முனையில் பத்துப் பைசாவை வைப்பார்கள். ஓரம் அலையலையாக இருக்குமே, அந்த அலுமினியக் காசு, ஊதினாலே பறக்கும். விசையை அழுத்தி 'டக்' என்ற பிறகும் காசு முனையிலேயே இருக்க வேண்டும். மத்தியானம் முழுவதும் பள்ளிக்கூட வராந்தாவில் காசு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், சாயங்காலம் ஆக ஆகக் குறையும். ரேஞ்சில் வெயில் பட்டு முன்குறி பளபளத்தால் தீக்குச்சி கொளுத்தி அதன் கரியைப் பூசிக்கொள்வோம். விரலெல்லாம் கரியாகும், அது கன்னத்திலும் ஏறும். அந்தக் கறையோடு ஊருக்குள் நடந்து வருவதில் இருந்த சுகத்தை எந்த மெடலும் தந்திருக்காது.

சுட்டு முடித்து, விசில் அடித்து, எல்லாரும் எழுந்து டார்கெட்டுக்கு நடப்பதுதான் நாளின் உச்சம். ஐந்து ரவுண்டு, ஐந்து ஓட்டை. ஹவில்தார் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். ஓட்டைகள் மேலும் கீழுமாக வரிசை கட்டியிருந்தால், "மூச்சு வுட்டுக்கிட்டே சுட்டிருக்க." பக்கவாட்டில் பரவியிருந்தால், "விசைய வெடுக்குன்னு இழுத்திருக்க, முழங்கையும் சரியில்ல." இரண்டு இடத்தில் இரண்டு கொத்தாக விழுந்திருந்தால், "நடுவுல எந்திரிச்சு மறுபடி படுத்தியா?" ஆமாம், சட்டைக்குள் எறும்பு புகுந்ததால் ஒருவன் எழுந்து படுத்திருப்பான், காகிதம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கியிருந்தால், அவை கறுப்பைவிட்டு எவ்வளவு தள்ளி விழுந்திருந்தாலும், முதுகில் தட்டுவார். கொத்தாக விழுவதுதான் ஆளின் வேலை, கொத்தை நடுவுக்குக் கொண்டுவருவது குறியைத் திருகுகிறவன் வேலை என்பது அவர் கட்சி.

இப்படிப் படுத்துச் சுடுவதே உலகத்துக்குப் புதுசு என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். திருச்சி நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு 1751 ஞாபகம் வரும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை ஆதரித்துக்கொண்டு வாலிகண்டபுரத்தில் மோதிய ஆண்டு. அன்றைய சிப்பாய் நின்றபடிதான் சுட்டாக வேண்டும், ஏனென்றால் குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். படுத்துக்கொண்டு அதைச் செய்வது பெரும்பாடு. பின்பக்கம் தோட்டா போடுகிற துப்பாக்கி வந்த பிறகுதான் மனிதன் மண்ணோடு ஒட்டிக்கொண்டான். 1866-ல் கோனிக்ரேட்ஸ் சண்டையில் பிரஷ்யர்கள் படுத்தபடியே தோட்டா போட்டுச் சுட, ஆஸ்திரியர்கள் நின்றுகொண்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தென்னாப்பிரிக்காவில் பாறை மறைவில் படுத்துச் சுட்ட போயர் விவசாயிகளிடம் ஆங்கிலேயர் பட்ட அடி, அதற்குப் பின் அவர்கள் பட்டாளத்தில் குறி சுடும் பயிற்சிக்கு வந்த மரியாதை, அந்தப் பயிற்சியின் வால்நுனி இந்தியப் பட்டாளம் வழியாக அரியலூர்ப் பொட்டலில் எங்கள் குதிகாலை அமுக்கிய பூட்ஸ் வரை வந்து சேர்ந்தது.

என்.சி.சி. 1948-ல் தொடங்கியது. 1962 சீனப் போருக்குப் பின், 1963-ல், கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாகி, 1968-ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. அதே 1968 ஜனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எனக்கு மூத்தவர்கள் அந்த நாட்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது கட்டளை இங்கிலீஷில் இருந்தது, விளக்கம் தர்மபுரித் தமிழில் வந்தது, எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெண்கள் பிரிவு 1949-லேயே வந்துவிட்டது என்றாலும், எங்கள் ஊரில் அப்போது பெண்பிள்ளைகளை ஃபயரிங்குக்கு அனுப்பிய வீடு எனக்குத் தெரிந்து இல்லை. என் அக்கா ஒருநாள் கூடத்தில் உலக்கையை வைத்து நான் காட்டியபடி படுத்துப் பார்த்தாள். அவள் முழங்கை என்னுடையதைவிட உறுதியாக நின்றது. அப்பா வரும் சத்தம் கேட்டதும் எழுந்து உலக்கையைச் சுவரோரம் சாத்திவிட்டாள்.

அவளுக்கும் எனக்கும் பொதுவாகக் கிடைத்த துப்பாக்கி கல்லங்குறிச்சித் திருவிழாவில்தான். கலியுக வரதராசப் பெருமாள் கோயில் தேருக்கு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். பொரிகடலைக் கடைகளுக்கும் ராட்டினத்துக்கும் நடுவே பலூன் சுடுகிற கடை. பலகையில் வரிசை வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சில் வளைந்த குழலோடு காற்றுத் துப்பாக்கி. அங்கே நிற்கிற நிலை ஒவ்வொன்றும் ஒரு ரகம். சண்டியர்கள் ஒற்றைக் கையால் நீட்டிச் சுடுவார்கள், புது மாப்பிள்ளைகள் பெண்டாட்டி பார்க்கிறாளா என்று ஒரு கண்ணை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சுடுவார்கள். நானும் அக்காவும் முழங்கையைப் பெஞ்சில் ஊன்றி, மூச்சை விட்டு நிறுத்தி, குழல் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று முதல் பலூனில் பார்த்துக்கொண்டு, பிறகு பலூனுக்குப் பக்கத்தில் குறி வைத்துப் பலூனை உடைப்போம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் துப்பாக்கியை மாற்றித் தருவார். இப்போதும் அந்தத் திருவிழா நடக்கிறது, பலூன் கடையும் ஒன்றிரண்டு வருகிறது. பிள்ளைகள் ஒரு கையால் சுட்டு இன்னொரு கையால் அதை மொபைலில் படம் பிடிக்கிறார்கள். படம் நன்றாக வருகிறது.

படுத்துச் சுடுவதற்கு என்று ஒலிம்பிக்ஸில் ஒரு தனிப் போட்டி இருந்தது, ஐம்பது மீட்டர் தூரம், ஆண்களுக்கு. 2012 லண்டனில் ஜாய்தீப் கர்மாகர் அதில் நான்காவதாக வந்து, ஒரு படி தவறி மெடலை விட்டபோது, ஜமக்காளத்தில் படுத்த அனுபவம் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அது வீட்டுத் துக்கம். 2016 ரியோவோடு அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சுடும் புதுப் போட்டிகளுக்கு இடம் வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தில் எனக்கு மகிழ்ச்சிதான். என்றாலும் குப்புறப் படுப்பது இப்போது மூன்று நிலைப் போட்டியில், முட்டி போடுவதற்கும் நிற்பதற்கும் நடுவே, ஒரு பங்காக மட்டும் உயிரோடு இருக்கிறது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே அதில் வெண்கலம் வாங்கிய அன்று, அவர் படுத்த பகுதி வந்தபோது, என்னை அறியாமல் நாற்காலியிலேயே என் குதிகால்கள் தரையைத் தேடின.

என் மகள்வழிப் பேத்தி திருச்சியில் படிக்கிறாள், துப்பாக்கி சுடுகிறாள். அவள் அறைச் சுவரில் இளவேனில் வாலறிவன் படம் இருக்கிறது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த பெண், 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கியவர். நமக்குப் பக்கத்து ஜில்லாப் பெண் என்று சொன்னால் பேத்தி சிரிக்கிறாள், அவளுக்கு ஜில்லா என்கிற சொல்லே புதுசு. திருச்சி கே.கே. நகர் ரைபிள் கிளப்பில் 2022 ஜூலையில் மாநிலப் போட்டி நடந்து, நடிகர் அஜித்குமார் சுட வந்தபோது, கூடிய கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் திணறியது. அதற்குப் பிறகு பல வீடுகளில் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்ப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. என் அப்பா காலத்து வீட்டில் உலக்கையைக்கூட ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. பேத்தியின் அப்பா அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, துப்பாக்கிப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, தானே கொண்டுபோய் விடுகிறார். அக்கா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்தேன். குளிரூட்டிய நீண்ட கூடம், பத்து மீட்டர் தள்ளிச் சின்னச் சின்ன வெளிச்சச் சதுரங்கள். டார்கெட்டின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையால் ஒரு புள்ளி வைத்த அளவு. அங்கே யாரும் படுப்பதில்லை, பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்கு நிற்கிற நிலை ஒன்றுதான். கான்வாசும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான கோட்டும் பேண்ட்டும் மாட்டிக்கொள்ள அவளுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தத் துணி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்று சட்டம், போட்டிக்கு முன் கருவி வைத்து அளக்கிறார்கள். பக்கவாட்டில் திரும்பி நின்று, முதுகைச் சற்றுப் பின்னால் வளைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து, ஐந்து கிலோத் துப்பாக்கியின் கனத்தை எலும்பிலிருந்து எலும்புக்கு இறக்கி இடது பாதத்தில் கொண்டு விடுகிறாள். இடது கண்ணை மூடச் சொல்லித்தான் எனக்குக் கற்றுத் தந்தார்கள்; இவளுக்கு இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், மூடினால் முகத்துச் சதை இறுகுமாம், இடது கண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னத் தட்டி. கண்ணை மூடி, மூச்சு விட்டு, திறந்து பார்த்து, கையை அசைக்காமல் பாதத்தை ஒரு நூல் நகர்த்தினாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஓட்டையைப் பார்க்க யாரும் நடக்க வேண்டியதில்லை. சுட்ட மறு கணம் பக்கத்துத் திரையில் எண் விழுகிறது, 10.3, 9.8, 10.6, முழுமை என்பது 10.9. இன்னொரு கருவி மாட்டினால், சுடுவதற்கு முந்தைய விநாடிகளில் முனை எங்கெங்கே அலைந்தது என்பதைக் கோடாக வரைந்து காட்டுகிறது. எங்கள் ஹவில்தார் ஐந்து ஓட்டையிலிருந்து ஊகித்ததை அது வரைந்தே தந்துவிடுகிறது, மூச்சு எங்கே, நடுக்கம் எங்கே என்று. நல்ல கருவி, என் வயதில் எனக்குக் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பேன். ஆனாலும் அந்தக் கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் திரையோடு தனியாக நிற்கிறது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு புழுதியில் கூட்டமாக டார்கெட்டை நோக்கி நடந்து, அவனவன் காகிதத்தை அவனவன் பார்க்கும் முன் அடுத்தவன் காகிதத்தை எட்டிப் பார்த்து, "டேய், நீ என் டார்கெட்ல சுட்டிருக்கடா" என்று சண்டை போட்டு, அந்த ஆறாவது ஓட்டை யாருடையது என்று பூரி தீரும்வரை பஞ்சாயத்து பண்ணிய சந்தோஷத்துக்குத் திரையில் இடம் இல்லை.

உடம்புகளும் மாறிவிட்டன. ஐம்பது மீட்டருக்குப் போக ஆசைப்படும் பேத்தி இப்போது முட்டி போடப் பழகுகிறாள். வலது கணுக்காலுக்கு அடியில் ஓர் உருளைத் திண்டு வைத்து, குதிகால் மேல் உட்கார்ந்து, இடது முழங்கையை முட்டிச் சில்லின் மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி ஊன்ற வேண்டும், எலும்பு மேல் எலும்பு வைத்தால் வழுக்கும். இந்த விதி எங்களுக்கும் உண்டு. ஆனால் குதிகால்மேல் அரை மணி உட்கார அவள் பிசியோதெரபிஸ்டிடம் போய்ப் பயிற்சி எடுக்கிறாள். நாங்கள் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டவர்கள், களத்துமேட்டில் குந்தி உட்கார்ந்து கதை பேசியவர்கள். உட்கார்ந்து சுடும் நிலையை ஹவில்தார் காட்டியபோது எங்கள் இடுப்பும் முட்டியும் ஏற்கெனவே அந்தப் பாடத்தை முடித்திருந்தன. நாற்காலியும் மேசையும் வந்ததில் என் முட்டிவலிக்கு நிம்மதி. பேத்தியின் கணுக்காலுக்குத்தான் அந்தச் செலவு.

செலவு என்றதும் மனம் கனக்கிறது. நல்ல ஜெர்மன் ஏர் ரைபிள் இரண்டு லட்சத்துக்கு மேல், கோட்டு, பேண்ட்டு, பூட்ஸ் பல ஆயிரம், அப்புறம் பெல்லட், பயிற்சிக் கட்டணம், வெளியூர்ப் போட்டிகள். எங்கள் செட்டில் படுத்தவர்களில் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுத்துவிட்டு வந்தவன் உண்டு, சுண்ணாம்புக்கல் குவாரியில் கூலிக்குப் போன அப்பாவின் பிள்ளை உண்டு. துப்பாக்கியும் தோட்டாவும் ஜமக்காளமும் பூரியும் சர்க்காருடையது. பையன் கொண்டுவர வேண்டியது முழங்கை மட்டும். இன்றைக்கும் என்.சி.சி. இருக்கிறது, பிள்ளைகள் ஆசையாகச் சேர்கிறார்கள், பல இடங்களில் திரையில் சுடுகிற சிமுலேட்டரும் வந்திருக்கிறது. வெங்காயக் காட்டிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்கு இளவேனிலின் கை அமைந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஒரு பத்து மீட்டர் கூடமும் நாலு பொதுத் துப்பாக்கியும் வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்பது என் வயதுக்காரர்களின் கடமை என்று நினைக்கிறேன், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மண்மேட்டு ரேஞ்சுகளின் காலம் அப்படியே திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு, பாட்டி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பட்டு, ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அதே மாதம் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலம் பயிற்சித் தளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஒரு வீட்டில் துப்பாக்கி குண்டு கிடந்தது. அந்தச் செய்திகளைப் படித்த இரவுகளில் எனக்கு எங்கள் சிவப்புக் கொடி ஞாபகம் வந்தது, ஆடு ஓட்டப் போன இரண்டு பையன்கள் ஞாபகம் வந்தார்கள். எங்கள் பாயிண்ட் டூ டூ குண்டுகூட ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிப் போகக்கூடியது. அன்று மலையடிவாரத்தில் வீடுகள் இல்லை, இன்று இருக்கின்றன. அன்று போதும் என்றிருந்த மேடு இன்று போதாது. மூச்சை நிறுத்தி, எலும்பில் கனத்தை வைத்து, எவ்வளவு திருத்தமாகச் சுட்டாலும், குண்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ரேஞ்சு அமைத்தவர்தான் பொறுப்பு. அந்தப் பிள்ளையின் உயிருக்கு முன்னால் என் ஞாபகங்களின் இனிப்பு ஒன்றுமில்லை.

போன லீவுக்குப் பேத்தி அரியலூர் வந்திருந்தாள், துப்பாக்கிப் பெட்டியோடு. பெல்லட் எதுவும் இல்லை, விசையை மட்டும் பழகுவதற்கு. சாயங்காலம் மொட்டைமாடியில் கோரைப்பாயை விரித்து, "தாத்தா, உங்க காலத்துல எப்படிப் படுப்பீங்க, காட்டுங்க" என்றாள். படுத்தேன். இடது முழங்கை அடியில், உடம்பு சாய்வாக, கால்கள் அகன்று, குதிகால் இரண்டும் தரையில். அவள் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"வலது முட்டிய மடக்கி மேல இழுங்க தாத்தா. வயிறு தரைய விட்டு எழும்பும், மூச்சு ஈசியா வரும். இப்ப எல்லாரும் அப்படித்தான்."

"எங்க ஸ்டாஃப் பார்த்தா பூட்ஸால அமுக்குவார்மா."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மடக்குங்க."

மடக்கினேன். அவள் சொன்னது சரி, வயிற்றில் இருந்த பாரம் இறங்கி, நெஞ்சில் துடித்துக்கொண்டிருந்தது அடங்கி, முனை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கீழே வந்து நின்றது. கண்ணை மூடித் திறந்தேன், அங்கேயே நின்றது. அப்போது தெருக்கோடியில் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி திரும்பியது. சுவர் அதிர்ந்தது, பாய் அதிர்ந்தது, முனை தொட்டியைவிட்டுத் தென்னை மரத்துக்குப் போய்விட்டு வந்தது. பின்னால் இன்னும் இரண்டு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன.

பேத்தி என் தோளில் கை வைத்தாள். "லாரியெல்லாம் போயிடட்டும் தாத்தா. அதுவரைக்கும் மூச்சு வுட்டுக்கிட்டு இருங்க."